மெயில் சர்வர் பார்க்க வரும் மக்களுக்கு

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் மெயில் சர்வர் இப்போது உங்களைப் போன்ற சின்ன வயதுக்காரர்கள் கையில்தான் இருக்கிறது. வேலையை ஒப்படைப்பவர், ‘ஸ்பேம் வராமல் பார்த்துக்கொள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அது பாதி வேலைதான். உங்கள் சர்வரிலிருந்து என்ன வெளியே போகிறது, உங்கள் வடிகட்டியில் எந்த நல்ல கடிதம் மாட்டுகிறது என்பது மறுபாதி. எனக்கு அந்த மறுபாதிதான் பெரிது.

1. முதலில் வெளியே போகும் வழியைக் கட்டுங்கள், மக்களே. 25-ஆம் போர்ட் ஒரு சர்வர் இன்னொரு சர்வரோடு பேசுவதற்கானது. உங்கள் ஆட்கள் 587 அல்லது 465 வழியாக, லாகின் செய்த பிறகே மெயில் அனுப்ப வேண்டும். 25-இல் லாகின் வசதியே இருக்கக் கூடாது. டிஎல்எஸ் இணைப்பு அமைந்த பிறகுதான் பாஸ்வேர்டை வாங்க வேண்டும்.

‘ஸ்கேனரிலிருந்து மெயில் போகவில்லை’ என்று ஒருவர் வந்து நிற்பார். அதற்காக அலுவலக நெட்வொர்க் முழுவதையும் நம்பகமான முகவரிப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். வைஃபையும் பெரும்பாலும் அதே நெட்வொர்க்கில்தான் ஓடும். வைரஸ் பிடித்த லேப்டாப் ஒன்று வந்து சேர்ந்தால், பாஸ்வேர்டே இல்லாமல் உங்கள் பெயரில் குப்பையை அனுப்பித் தள்ளும். ஸ்கேனருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள்.

2. பாஸ்வேர்டு என்றைக்காவது திருடு போகும் என்று நினைத்தே அமைப்பைச் செய்யுங்கள். லாகின் செய்தவர் தன் முகவரியிலிருந்து மட்டுமே அனுப்ப முடிய வேண்டும். ஒரு கணக்கிலிருந்து மணிக்கு இத்தனை மெயில்தான் என்று வரம்பு வையுங்கள். தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் ஐபி முகவரிகளை ஃபெயில்டுபேன் மென்பொருள் தானே தடுக்கட்டும்.

இதில் அலட்சியம் கூடாது. பக்கத்துத் தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவுக்கு 2018 செப்டம்பர் 24 அன்று நடந்ததைப் படியுங்கள். அதன் மெயில் கணக்குகளைச் சிலர் மோசடிக்குப் பயன்படுத்தினார்கள். புகார் போனதும் டொமைன் பதிவு நிறுவனம் ஜோஹோவின் முகவரியையே முடக்கிவிட்டது. ஒரு தப்பும் செய்யாத வாடிக்கையாளர்கள் உலகம் முழுக்கத் தங்கள் மெயிலைத் திறக்க முடியாமல் நின்றார்கள். அதன் பிறகு இலவசக் கணக்குக்கும் மொபைல் எண் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், நூறு கணக்கு வைத்திருக்கும் நம் கல்லூரி சர்வரைத் தடுப்புப் பட்டியலில் போட யாரும் யோசிக்கப் போவதில்லை.

3. வேண்டாத மெயிலை வாசலிலேயே மறுத்துவிடுங்கள். இணைப்பு திறந்திருக்கும்போதே காரணம் சொல்லி மறுத்தால், அனுப்பியவர் உண்மையான ஆளாக இருக்கும் பட்சத்தில் அவருக்குச் செய்தி போய்ச் சேரும். வேறு வழியில் உங்களைத் தொடர்புகொள்வார். வாங்கிக்கொண்டு பிறகு திருப்பி அனுப்பினால், ஸ்பேம் அனுப்புகிறவன் போட்ட பொய் முகவரிக்காரர் தலையில் அது விழும். எல்லாவற்றையும்விட மோசமானது, வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழிப்பது. விலாசதாரர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பலாம். பழையாற்றில் எறிய அவருக்கு உரிமை இல்லை.

வடிகட்டி மென்பொருளான ஆர்ஸ்பேம்டி நிறுவும்போதே 6 மதிப்பெண்ணில் ஸ்பேம் என்று குறிக்கும், 15-இல் மறுக்கும். ஆரம்பத்தில் அந்த 15-ஐக் குறைக்காதீர்கள். ஒரு நோயாளியின் பரிசோதனை அறிக்கை காணாமல் போவதற்கு, பத்து லாட்டரி மெயில் உள்ளே வருவது எவ்வளவோ மேல்.

4. வடிகட்டிக்கு நம் மொழிகளைப் பழக்குங்கள். சொற்களின் வாய்ப்பைக் கணக்கிட்டு ஸ்பேமைப் பிரிக்கும் பேயஸ் முறை, 2002-இல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பரவலானது. ஸ்பேம்அசாசின் வடிகட்டியில் குறைந்தது 200 நல்ல மெயிலும் 200 ஸ்பேமும் படித்த பிறகே அது வேலை செய்யத் தொடங்கும். நம் மாவட்டத்து மெயில் பெட்டியில் தமிழும் இருக்கும், மலையாளமும் இருக்கும், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழும் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலத் தொகுப்பைக் கொண்டு பழக்கினால், சுற்றறிக்கைக்கும் கல்யாண அழைப்புக்கும் அதற்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? உங்கள் பயனர்களின் சம்மதத்தோடு அவர்களுக்கு வந்த நல்ல மெயில்களைக் கொடுத்தே பழக்குங்கள்.

5. ஸ்பேம்ஹாஸ் போன்ற தடுப்புப் பட்டியல்களைக் கூகுளின் 8.8.8.8 வழியாகக் கேட்காதீர்கள். பொது டிஎன்எஸ் வழியாக வரும் கேள்விக்கு ஸ்பேம்ஹாஸ் 127.255.255.254 என்று பிழைக்குறி ஒன்றைத் தரும். ‘எந்தப் பதில் வந்தாலும் தடு’ என்று மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் எழுதியிருந்தால், அன்றைக்கு வரும் எல்லா மெயிலும் வாசலோடு திரும்பிப் போகும். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி நேரடியாகக் கேளுங்கள். எந்தப் பதிலுக்குத் தடுக்க வேண்டும் என்பதையும் குறிப்பாக எழுதுங்கள்.

6. மின்வெட்டுக்குப் பயந்து இரண்டாவது மெயில் சர்வர் ஒன்றை வைக்கச் சொல்வார்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது நம் ஊர்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அனுப்பும் சர்வர் உங்களை எட்ட முடியாவிட்டால் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாது, திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வைத்திருக்கும். வடிகட்டி இல்லாத இரண்டாவது சர்வரைத்தான் ஸ்பேம் அனுப்புகிறவர்கள் தேடி வருவார்கள். முதல் சர்வரில் உள்ள அத்தனை கட்டுப்பாடும் அதிலும் இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

7. கடிதம் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் போடுங்கள். ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் மூன்றும் கட்டாயம். சிறியவர்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் மட்டும் வைத்து, வரும் அறிக்கைகளைப் படியுங்கள். கட்டண ரசீது அனுப்பும் வெளி நிறுவனம் எது, சம்பளச் சீட்டு எங்கிருந்து போகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். அவசரப்பட்டு மறுக்கச் சொன்னால் உங்கள் ரசீதுகளே போய்ச் சேராது.

8. லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதிப்பு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பது மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு. சர்வர் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். ‘நான் அனுப்பிய கடிதம் எங்கே?’ என்று ஒருவர் கேட்டால், எந்த நிமிடத்தில் எந்தச் சர்வர் வாங்கியது, என்ன பதில் சொன்னது என்பதை லாக்கில் தேடி எடுத்து அவர் கையில் கொடுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் திங்கட்கிழமை காலையில் முந்தைய வாரம் மறுத்த மெயில்களின் பட்டியலைத் திறந்து, தெரிந்த பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவரைப் போனில் கூப்பிடுங்கள்.