ரெயில் சென்சாரை மாற்றும் முன் காலையில் ஒருமுறை சாவியைத் திருப்புங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் டீசல் கார், பர்லியாறு தாண்டியதும் இழுக்க மறுக்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. பட்டறையில் ஸ்கேனரைச் சொருகினால் 'ஃபியூயல் ரெயில் பிரஷர்' என்ற பெயரோடு ஓர் எரர் கோட். "ரெயில் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்." புது சென்சார் போட்டு, கோடை அழித்து, வண்டி வெளியே வருகிறது. அடுத்த முறை அதே வளைவில் அதே விளக்கு.

சென்சார் என்பது அளந்து சொல்லும் கருவி. ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி வைக்கும் குழாயில், அழுத்தம் குறைந்திருப்பதை அது சரியாகச் சொன்னதற்காகவே பல சென்சார்கள் கழற்றி எறியப்படுகின்றன. எனவே முதல் கேள்வி ஒன்றுதான்: அது பொய் சொல்கிறதா, உண்மை சொல்கிறதா?

இந்தச் சென்சார் வேலை செய்யும் காமன் ரெயில் முறை காரில் முதலில் வந்தது 1997இல், ஆல்ஃபா ரோமியோ 156இல். நம் சாலைகளில் அதைப் பரவலாக்கியது ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ ஆகியவற்றின் டீசல் வகைகளில் அது ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று பட்டறைக்கு வரும் ஸ்விஃப்ட் டீசல் எதுவும் புதிதல்ல. வயர்களுக்கும் கப்ளர்களுக்கும் அதே வயதுதான். சாதாரண எம்பிஎஃப்ஐ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் இந்தச் சென்சாரே கிடையாது.

கோடை எண்ணோடு எழுதிக்கொள்ள வேண்டும். பி0190, பி0192, பி0193 மூன்றும் மின்சுற்றைப் பற்றியவை: சிக்னல் வோல்டேஜ் இருக்க வேண்டிய எல்லைக்குள் இல்லை என்று பொருள். பி0087 என்றால் ரெயிலில் அழுத்தம் போதவில்லை. இதற்குச் சென்சாரை மாற்றுவது, காய்ச்சல் அடிக்கிறது என்று தெர்மாமீட்டரை மாற்றுவதற்குச் சமம். அடைத்த டீசல் ஃபில்டர், காற்று இழுக்கும் குழாய், ரிட்டன் அதிகமாக விடும் இன்ஜெக்டர், தேய்ந்த பம்ப், பிரஷர் ரெகுலேட்டர் வால்வு என்று பார்க்க வேண்டிய வரிசை நீளமானது. ஃபில்டரிலிருந்து தொடங்குவதே சரி. மலிவானதும் அதுதான், அதிகம் மாட்டுவதும் அதுதான். பி0191 மட்டும் மின்சுற்று, அழுத்தம் என்று இரண்டு பக்கமும் சாயும்.

எல்லோரும் தாண்டிப் போகும் சோதனை ஒன்று உண்டு. அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம். இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் ஸ்கேனரை மாட்டி, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்ப வேண்டும். ஸ்டார்ட் செய்யக் கூடாது. ரெயிலில் அழுத்தம் ஏதும் மிஞ்சியிருக்க வழியில்லாத நேரம் அது. திரை பூஜ்யத்துக்கு ஒட்டிய எண்ணைக் காட்ட வேண்டும். மல்டிமீட்டரில் சிக்னல் வயர் ஏறத்தாழ 0.5 வோல்ட் காட்ட வேண்டும். நின்ற வண்டியில் 100 பார், 200 பார் என்று காட்டினால் சென்சாரோ அதன் வயரிங்கோ பொய் சொல்கிறது. அதில் சந்தேகமே இல்லை.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது அதை ஆளும் கணினியான ஈசிஎம், சென்சார் சொல்லும் எண்ணை நம்பித்தான் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. சென்சார் 100 பார் கூடுதலாகச் சொன்னால், ஈசிஎம் உண்மையான அழுத்தத்தில் 100 பாரைக் குறைத்துவிடும். ஸ்கேனரிலோ வேண்டிய அழுத்தமும் இருக்கும் அழுத்தமும் அழகாக ஒத்துப்போகும். ஸ்டார்ட் ஆகச் சிரமம், பிக்கப் இல்லை, கோடும் இல்லை. மெக்கானிக் இன்ஜெக்டரைச் சந்தேகிப்பார், செலவு பல மடங்காகும். அந்தப் பொய் வெளியே வருவது காலைச் சோதனையில்தான்.

இந்த வகைச் சென்சார்கள் பெரும்பாலும் நேர்கோட்டுக் கணக்கில் இயங்குபவை. 0.5 வோல்ட் என்றால் 0 பார், 4.5 வோல்ட் என்றால் முழு அளவு. முழு அளவு 1800 பார் என்றால் ஒரு வோல்ட்டுக்கு 450 பார். ஐட்லிங்கில் 1.1 வோல்ட் வந்தால் 270 பார்; ஐட்லிங்குக்கு அது நியாயமான அளவு. இந்தக் கணக்கு கையில் இருந்தால் ஸ்கேனர் சொல்வதை மீட்டரை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

அடுத்து மூன்று வயர்கள்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். எந்த நிறம் எது என்பதை அந்த மாடலின் வயரிங் படத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஊகம் இங்கே உதவாது. கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, சப்ளையை அளக்க வேண்டும். 5 வோல்ட் வராவிட்டால் உடனே ஈசிஎம்மைக் குறை சொல்லக் கூடாது. பல கார்களில் இதே 5 வோல்ட் வேறு சென்சார்களுக்கும் போகிறது. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனாலும் இங்கே வோல்டேஜ் படுத்துவிடும். அவற்றின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

எர்த்தைச் சோதிக்க, கப்ளரைத் திரும்ப மாட்டி, பின்பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்து, பேட்டரி நெகட்டிவுக்கும் எர்த் வயருக்கும் இடையே அளக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் வழியில் எங்கோ துரு. வயரின் தோலைக் குத்திப் பார்ப்பதும், பல்பு வைத்த டெஸ்ட் லைட்டை இங்கே தொடுவதும் கூடவே கூடாது. குத்திய இடத்தில் அடுத்த மழைக்காலத்தில் பச்சை பூக்கும்.

பிறகு இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, ஸ்கேனரைப் பார்த்தபடி வயர் கட்டை மெல்ல அசைக்க வேண்டும், சுழலும் பெல்ட்டிலிருந்தும் ஃபேனிலிருந்தும் கையை விலக்கி வைத்து. 300 பார் கண் இமைக்கும் நேரத்தில் 1500க்குத் தாவித் திரும்பினால் அது வயர் கோளாறு. ஐட்லிங்கில் ஓடும் இன்ஜினின் ரெயிலில் டீசல் அப்படித் தாவாது. வீட்டு வாசலில் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்திருக்கிறதா என்று இன்ஜின் மேல்மூடிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பது முதல் வேலை.

சப்ளை சரி, எர்த் சரி, வயர் சரி, காலை அளவு மட்டும் தப்பு என்றால் சென்சாரை மாற்றலாம்.

வாங்கும்போது பழைய சென்சார் மேலுள்ள பார்ட் எண்ணைக் காட்டித்தான் வாங்க வேண்டும். ஒரே மரை, ஒரே கப்ளர், ஆனால் முழு அளவு 1500 பார், 1800 பார் என்று வேறுபடும் சென்சார்கள் உண்டு. கச்சிதமாகப் பொருந்தும், தப்பான எண்ணைச் சொல்லும். சில கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகம் சென்சாரைத் தனியாகக் கழற்றவே கூடாது, ரெயிலோடு மாற்று என்கிறது. அப்படி எழுதியிருந்தால் அதை மீறக் கூடாது.

கழற்றுவது சிறிய வேலை. இன்ஜின் ஆறட்டும், ரெயில் அழுத்தம் இறங்கிவிட்டதை ஸ்கேனரில் பார்க்க வேண்டும். காலை அளவிலேயே பொய் சொன்ன சென்சார் என்றால் அதன் எண்ணை நம்பாமல், இரவு முழுவதும் நின்ற வண்டியில் கை வைப்பதே நல்லது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ரெயில் முனையைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்த பிறகே ஸ்பேனர். திறந்த ஓட்டைக்குள் போகும் ஒரு மணல் துகள் இன்ஜெக்டரைக் கெடுக்கப் போதும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. உலோகம் உலோகத்தில் அழுந்தித்தான் இங்கே சீல் ஆகிறது. வாஷர் உள்ள மாடலில் புது வாஷர். இறுக்கம் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணுக்கு, டார்க் ரெஞ்சில். கை அனுபவத்தை நம்பும் இடமல்ல இது.

ஸ்டார்ட் செய்த பின் கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும், விரலால் ஒருபோதும் தடவக் கூடாது. பல நூறு பார் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கும். அப்படி நேர்ந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். அது அவசர அறுவைச் சிகிச்சை தேவைப்படக்கூடிய காயம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கசிவு இல்லையென்றால் கோடை அழித்து, சில மாடல்களில் ஸ்கேனர் கேட்கும் ரீசெட்டையும் செய்து, ஏற்றம் உள்ள சாலையில் ஓட்டிப் பார்க்கலாம். மறுநாள் காலை அதே பூஜ்யச் சோதனை இன்னொரு முறை. வேலையைப் பட்டறையில் கொடுப்பவர்கள் ஸ்கேன் தாளோடு நிற்காமல், சப்ளை, எர்த், சிக்னல் மூன்று அளவுகளையும் பில்லின் பின்புறம் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய சென்சாரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.