ஃபேனுக்குக் கீழே படுக்கப் பயப்படும் பிள்ளைகளுக்கு

முதன்முதலாகத் தனியே வீடு எடுத்துத் தங்கும் தம்பி, தங்கைகளே! மல்லாந்து படுத்ததும் கண் ஃபேனில் போய் நிற்கிறது, விழுந்துவிடுமோ என்று உடம்பு குறுகுகிறது. வெளியே சொல்லத்தான் கூச்சம். இந்தப் பயம் பலருக்கும் உண்டு. ஃபேன் மாட்டியே பிழைத்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

1. அது எதில் தொங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கான்கிரீட் வீட்டில், தளம் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கொக்கியைப் பதித்துவிடுவார்கள். வெறும் காரையில் அது ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. சாதாரண ஃபேனின் எடை 3 முதல் 5 கிலோதான். அதே மாதிரிக் கொக்கியில்தான் பல வீடுகளில் குழந்தைக்குத் தொட்டில் கட்டுகிறோம். மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடென்றால், உத்தரத்தில் கிளாம்பு போட்டு மாட்டியிருப்பார்கள். அங்கே மரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. ஆட்டம் எல்லாம் ஆபத்து அல்ல. ஓடும்போது கொஞ்சம் அசையட்டும் என்றுதான் கொக்கியில் ரப்பர் வைத்து மாட்டுகிறோம். றெக்கையில் தூசி ஏறினாலும், ஒரு றெக்கை லேசாக வளைந்தாலும் ஆட்டம் கூடும். ஆனால் நேற்றுவரை இல்லாத ஆட்டம், மேலிருந்து 'டக் டக்' சத்தம், கொக்கியைச் சுற்றித் துருக்கறை, காரையில் விரிசல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அதுவரை கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொள்வது கோழைத்தனம் அல்ல.

3. கொக்கியை மூடியிருக்கும் கப்பை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சங்கதி எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. கொக்கி துருவில் மெலிந்திருக்கிறதா, ரப்பர் தேய்ந்திருக்கிறதா, போல்ட்டில் நட்டு இறுகியிருக்கிறதா, நட்டு கழலாமல் காக்கும் பின் செருகியிருக்கிறதா? அந்தச் சின்னப் பின்னைப் போடாமல் விட்டால் அதிர்வில் நட்டு மெல்ல மெல்லக் கழன்றுவிடும். ராடு மோட்டாரோடு சேரும் கீழ்முனையிலும் இதே சோதனை வேண்டும். நீங்களே ஏணியில் ஏறாதீர்கள். வேலை நடக்கையில் மின்பெட்டியில் உள்ள எம்சிபியை இறக்கி வையுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. முடிந்ததும் மேல்முனையைப் போனில் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

4. சோதனைக்கு நாள் குறியுங்கள். போகிக்கு முன் ஒரு முறை, ஆயுத பூஜைக்கு முன் ஒரு முறை. எப்படியும் அப்போது வீட்டைத் துடைக்கிறோம். நடுவில் புது அறிகுறி ஏதும் இல்லையென்றால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு பார்வையும் ஒரு நிமிட நிம்மதி தரும். கையோடு அடுத்த பார்வையையும் கேட்கும்.

5. சோதித்த பிறகு ஒதுங்காதீர்கள். ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும். முதல் நாள் நின்றிருக்கும் ஃபேனின் கீழே உட்காருங்கள். அது பழகியதும் ஒன்றாம் எண்ணில் வையுங்கள், பிறகு மூன்றில். நெஞ்சு படபடக்கும், எழுந்து ஓடாமல் இருந்தால் தானே அடங்கும். அடங்கிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும்.

6. மற்றவற்றையும் ஒரு கண் பாருங்கள். கனமான அலங்கார விளக்கை ஃபால்ஸ் சீலிங் பலகையில் மாட்டக் கூடாது. மேலே உள்ள தளத்திலிருந்துதான் தொங்கவிட வேண்டும். பழைய வீட்டில் கூரையைக் கம்பால் தட்டும்போது பொள்ளலாகக் கேட்டால், காரை கம்பியை விட்டுப் பிரிந்திருக்கலாம். வீட்டுக்காரரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அது உங்கள் மனப்பிரமை அல்ல. பிறந்தநாள் தோரணத்தை ஃபேனில் கட்டாதீர்கள்.

7. எல்லாம் சரியாக இருந்தும் வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை என்றால், ஸ்பேனரால் ஆகிற காரியம் அல்ல அது. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். வீட்டில் ஒருவர் இப்படிப் பயந்தால் மற்றவர்கள் சிரிக்க வேண்டாம்.

இந்த வாரமே ஆளைக் கூப்பிட்டுக் கப்பை இறக்கிப் பாருங்கள். பழுது இருந்தால் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் அன்றிலிருந்து பயத்தைப் பழக்கும் வேலையைத் தொடங்குங்கள், இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள்.