வேகத்தைக் கூட்டினால் பின்தங்கும்

கேள்வி: இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் 2024 டிசம்பர் 30-ம் தேதி ஏவப்பட்டு, 2025 ஜனவரி 16-ம் தேதிதான் ஒன்றோடொன்று இணைந்தன. விண்வெளியில் காற்றும் இல்லை, ஈர்ப்பும் இல்லை. பின்னால் வருகிற கலம் இன்ஜினைக் கொஞ்சம் முடுக்கினால் முன்னால் போவதைப் பிடித்துவிடாதா? எதற்கு இத்தனை நாள்?

பதில்: ‘ஈர்ப்பும் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கலே அங்கேதான். 400 கிலோமீட்டர் உயரத்தில், தரையில் இருக்கும் ஈர்ப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. விண்வெளி வீரர்கள் மிதப்பதற்குக் காரணம், அவர்களும் கலமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பது. ஒரு நொடிக்குள் சுமார் 4.3 மீட்டர் விழுகிறார்கள். அதே நொடியில் பக்கவாட்டில் 7.7 கிலோமீட்டர் ஓடிவிடுவதால், கீழே பூமியும் வளைந்து அவ்வளவு தூரம் விலகிவிடுகிறது. உயரம் குறைவதே இல்லை.

இப்போது உங்கள் யோசனைக்கு வருவோம். அந்த உயரத்தில் இரண்டு கலங்கள் ஒரே வட்டப்பாதையில் போகின்றன. பின்னால் வருவது நொடிக்கு ஒரே ஒரு மீட்டர் வேகத்தைக் கூட்டுகிறது. முதல் சில நிமிடங்கள் நெருங்குவதுபோலத்தான் தெரியும். ஆனால் கூடுதல் வேகம் கலத்தை மேலே ஏற்றத் தொடங்குகிறது. பூமிக்கு மறுபக்கம் போகும்போது அது பழைய பாதையைவிடச் சுமார் மூன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். மேலே ஏற ஏற வேகம் குறையும். சுற்ற வேண்டிய பாதையும் நீண்டுவிட்டது. ஒரு சுற்றுக்குச் சுமார் 92 நிமிடம். நம் கலம் அதைவிட ஏறக்குறைய இரண்டு நொடி தாமதமாகத் திரும்பி வரும். இரண்டு நொடிதானே என்று விட்டுவிட முடியாது. நொடிக்கு 7.7 கிலோமீட்டர் ஓடும் இடத்தில், அது பதினாறு கிலோமீட்டருக்கும் மேலான பின்னடைவு!

ஆக, முன்னால் போவதைப் பிடிக்க வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கலம் கீழே இறங்கும், அங்கே வேகம் கூடும், பாதையும் சிறியது; முன்னதாகவே வந்து சேரும். பிறகு சரியான இடத்தில் மறுபடி முடுக்கிப் பழைய உயரத்துக்கு ஏறிக்கொள்ளலாம். உயரே போகப் போக வேகம் குறையும் என்பதற்கு நிலவைப் பாருங்கள்: அவ்வளவு தொலைவில் இருப்பதால் நொடிக்கு ஒரு கிலோமீட்டர்தான் நகர்கிறது.

வேகத்தைக் கூட்டினால் பின்தங்கும் என்பதை அனுபவத்தில் பட்டுத் தெரிந்துகொண்டவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் மெக்டிவிட். 1965 ஜூன் 3-ம் தேதி, ஜெமினி 4 கலத்தில் பறந்தபோது, தன்னை ஏற்றிவந்த டைட்டன் ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தை நெருங்கப் பார்த்தார். அதை நோக்கிக் கலத்தைத் திருப்பி உந்தினார். அது விலகிப் போனது. மறுபடி உந்தினார், எரிபொருள்தான் கரைந்தது. தூரம் காட்ட ராடார் இல்லாததும் ஒரு காரணம் என்றாலும், விமானம் ஓட்டிப் பழகிய உள்ளுணர்வே அங்கே எதிரியானது என்பதுதான் என் கருத்து. முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 15-ல் வால்ட்டர் ஷிராவும் தாமஸ் ஸ்டாஃபோர்டும் ஜெமினி 6 கலத்தைக் கீழான பாதையிலிருந்து கணக்குப் போட்டு ஏற்றி, ஜெமினி 7-க்கு ஓர் அடி தூரம் வரை கொண்டுபோனார்கள்.

காற்று பற்றியும் ஒரு வார்த்தை. 400 கிலோமீட்டரில்கூட மிக மெல்லிய காற்று உண்டு. அதன் உராய்வால் செயற்கைக்கோள் சக்தியை இழந்து மெல்லக் கீழே வருகிறது. வர வர அதன் வேகம் கூடுகிறது. எதிர்த்து இழுக்கிற உராய்வே ஒரு பொருளை வேகமாக்குவதை வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாது.

மிக நெருங்கிவிட்டால் கதை மாறும். சில மீட்டர் இடைவெளியை ஒரு சுற்றின் சிறு பகுதிக்குள் கடந்துவிடலாம் என்பதால், நீங்கள் சொன்னபடி நேராக உந்தினால் போதும். ஆனால் அங்கே பொறுமை வேண்டும். ஸ்பேடெக்ஸ் கலங்கள் ஜனவரி 8-ல் எதிர்பார்த்ததைவிட அதிகமாக விலகியதால் இணைப்பு தள்ளிப்போனது. 12-ம் தேதி மூன்று மீட்டர் வரை நெருங்கிச் சோதித்துவிட்டு, மறுபடி பின்வாங்கின. கடைசியில் தொட்டபோது நெருங்கிய வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான்.