சிறு படகில் ராடார்: திரையில் மறையும் சம்பான்

பினாங்குத் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடைப்பட்ட கடலில் உல்லாசப் படகோட்டுவோர் பலர் ராடாரை ஆடம்பரம் என்றே எண்ணுகின்றனர். விடியலில் ‘சுமத்ரா’ காற்று மழையோடு வந்து எதிர்க்கரையை மறைக்கும்போதுதான் அதன் அருமை புரியும்.

ராடாரின் ரேடியோ அலை ஒரு மைக்ரோவினாடியில் 300 மீட்டர் செல்லும். போய்த் திரும்ப வேண்டுமல்லவா? ஆகவே ஒரு மைக்ரோவினாடியில் வரும் எதிரொலி 150 மீட்டர் தொலைவைக் குறிக்கும். இரும்புக் கப்பல் பளிச்சென்று தெரியும். மரச் சம்பானோ அலையை மிகக் குறைவாகவே திருப்பும்.

இங்குதான் கவனம் தேவை. அருகிலுள்ள கடலலைகளும் எதிரொலி தருவதால் திரையின் நடுவே புள்ளிகள் மண்டும். அவற்றைக் குறைக்கும் குமிழை அதிகம் திருகினால் திரை சுத்தமாகிவிடும். பத்து மாவுங் மீனவரின் சம்பானும் சேர்ந்து மறைந்துவிடும். கொஞ்சம் புள்ளிகள் எஞ்சியிருப்பதே நல்லது என்பேன். அலைப்புள்ளி ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறும். சம்பானின் புள்ளி ஏறக்குறைய அதே இடத்தில் மீண்டும் தோன்றும்.

1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தருகே வேறு தொல்லை: பாலத்தில் பட்டுத் திரும்பும் அலைகள் இல்லாத படகுகளையும் காட்டக்கூடும்.

பழகுவதற்குத் தெளிவான பகற்பொழுதே ஏற்றது. கண்ணால் காண்பதைத் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் பட்டர்வொர்த் ஃபெர்ரியிலிருந்துதான் தொடங்குவேன். பெரியது, போகும் தடமும் தெரிந்தது.