பஞ்சாயத்து அலுவலகத்தில் லினக்ஸ்: மாறுமுன் கவனிக்க வேண்டியவை

பஞ்சாயத்து அலுவலகங்களில் மூலையில் மூடி வைக்கப்பட்ட கணிப்பொறிகளைக் காண்கிறோம். பழுதாகிவிட்டது, புதிது வேண்டும் என்று தீர்மானமும் வருகிறது. சோதித்துப் பார்த்தால் பலவற்றில் பெரிய பழுது ஒன்றும் இராது. விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன, விண்டோஸ் 11 வேண்டும் தகுதிகள் பழைய இயந்திரங்களுக்கு இல்லை, அவ்வளவே. (தேதி தவறாகக் காட்டினால் உள்ளேயுள்ள சிறு மின்கலத்தை மாற்றினால் போதும்.) இவற்றை லினக்ஸ் கொண்டு மீண்டும் உபயோகத்துக்குக் கொண்டுவரலாம்.

லினக்ஸின் மையப் பகுதியை 1991இல் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். இன்று அது பல வடிவங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' அவற்றுள் ஒன்று. 4 ஜி.பி. நினைவகமுள்ள இயந்திரத்துக்கு, எக்ஸ்எஃப்சிஇ முகப்புள்ள லினக்ஸ் மின்ட் ஏற்றது என்பது என் கருத்து.

ஆயினும் விலையில்லை என்பதற்காக அவசரப்படலாகாது. வரிக் கேட்புப் பதிவேடும் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளும் அந்த ஒரே இயந்திரத்தில் இருக்கக்கூடும். நிறுவும்போது வட்டு முழுவதையும் அழிக்க ஒப்பினால் யாவும் போய்விடும். பிறகு எந்த வீட்டுக்கு எவ்வளவு பாக்கி என்பதை எதைக்கொண்டு சொல்வது? ஆகவே முதலில் இரண்டு தனித்தனி வெளி வட்டுகளில் நகல் எடுத்து, வேறொரு கணிப்பொறியில் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்து, 8 ஜி.பி. பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். வட்டில் ஒன்றும் மாறாது. அச்சுப்பொறியும் இணையமும் வேலை செய்கின்றனவா, மின்னணுக் கையொப்பக் கருவி ஏற்கப்படுகிறதா என்று சோதியுங்கள். கையொப்பக் கருவி ஏற்கப்படாவிடில், அப்பணிக்கு மட்டும் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் விண்டோஸ் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொள்வதே விவேகம்.

பலர் இடறுவது தமிழ் எழுத்தில்தான். வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதென்று அழித்துவிட வேண்டாம். யூனிகோடுக்கு மாற்றினால் சரியாகும். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. புதிய கடிதங்களை லிபர்ஆஃபீஸில், தமிழ்99 விசைப்பலகையில் எழுதுக.

யூனியன் அலுவலகத்தில் கோப்புகளைப் பொதுவாக வைக்கும் சர்வருக்கு, நீண்டகால ஆதரவுள்ள வெளியீட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். 'ரூட்' அதிகாரத்தில் அன்றாட வேலை செய்வது கருவூலத்தைத் திறந்து வைப்பதற்குச் சமம். மின்தடையைச் சமாளிக்க யு.பி.எஸ். அவசியம். 'கிரான்' மூலம் இரவுதோறும் 'ஆர்சிங்க்' நகல் எடுக்கச் செய்யலாம். மாதம் ஒருமுறை அந்நகலிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை மீட்டெடுத்து, பதிவேட்டுடன் ஒப்பிட்டுத் தேதியிட்டுக் கையொப்பமிடச் செய்யுங்கள்.