தராசில் ஏறிய மோதிரங்கள்

கேள்வி: தென்கொரிய மக்கள் நகைகளைக் கொடுத்தே நாட்டின் கடனை அடைத்தார்களாமே?

பதில்: கொடுத்தது உண்மை. கடன் அதனால்தான் அடைந்தது என்பது மிகை. 1997 நவம்பரில் அந்நியச் செலாவணி வற்றிப்போய் சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) வாசலில் கடனுக்காக நின்றது தென்கொரியா. 1998 ஜனவரியில் தங்கம் திரட்டும் இயக்கம் தொடங்கியது. சுமார் 35 லட்சம் பேர் வந்தார்கள். கல்யாண மோதிரம், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு உறவினர் போட்ட குட்டி மோதிரம் எல்லாம் தராசில் ஏறின. நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. பெரும்பாலோர் இனாமாகத் தரவில்லை, பிறகு தங்கள் நாட்டு நாணயமான வொன்னில் விலை பெற்றுக்கொண்டார்கள். அதனால் அந்த மனசு குறைந்துவிடாது. சேர்ந்தது ஏறத்தாழ 227 டன், மதிப்பு 200 கோடி டாலருக்குச் சற்று அதிகம். ஐ.எம்.எஃப்.பிடம் பெற்றதோ 1,950 கோடி. 2001 ஆகஸ்டில், கெடுவுக்கு முன்பே அதை அடைக்கக் கைகொடுத்தது முக்கியமாக ஏற்றுமதிதான். இடையில் லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.