தாய்லாந்தில் ஓய்வுக்கால வாசமும் எட்டு லட்சத்தின் நாட்கணக்கும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் சியாங் மாயின் மலையடிவாரத்திலோ ஹுவா ஹின் கடற்கரையிலோ சாவகாசமாக வாழலாமென்று உத்தேசிப்பவர்களுக்கு, வயது 50 நிறைந்திருக்குமானால், ஆண்டுக்காண்டு தங்கும் அனுமதி தருவதில் தாய்லாந்து அரசாங்கத்திற்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் அதற்குரிய பணம் ஒருவரிடம் இருப்பது வேறு. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை அப்பணம் குறையாமல் இருந்ததென்று பாங்கியின் பாஸ் புத்தகம் சாட்சி சொல்வது வேறு. குடிவரவு அலுவலகம் கேட்பது பின்னதை.

முதற்காரியம் வழியைத் தேர்ந்தெடுப்பது. தாய்லாந்துப் பாங்கியில் 8 லட்சம் பாட் வைப்பாகக் காட்டுவது ஒரு வழி. மாதந்தோறும் 65,000 பாட் வருமானம் காட்டுவது மற்றொன்று. வைப்பும் ஓராண்டு வருமானமும் சேர்ந்து 8 லட்சத்தை எட்டும்படி செய்வது மூன்றாவது. ஓய்வூதியக்காரர்களுக்கு இரண்டாவது வழிதான் இயல்பானதென்று தோன்றும். முன்பெல்லாம் தத்தம் தூதரகத்தின் வருமான அத்தாட்சி ஒன்றைக் கொண்டே அது சுலபமாக நிறைவேறியும் வந்தது. பிரிட்டிஷ், அமெரிக்க, ஆஸ்திரேலியத் தூதரகங்கள் 2018-ஆம் ஆண்டு முடிந்து 2019 பிறந்த சமயத்தில் அவ்வத்தாட்சிகளை நிறுத்திவிட்டபின், அந்நாட்டவர்கள் மாதத் தொகை வெளிநாட்டிலிருந்து தவறாமல் வந்ததைப் பாங்கிக் கணக்கின் வாயிலாகவே நிரூபிக்க வேண்டியதாயிற்று. ஒரு மாதம் தொகை தாமதித்தாலும், நாணய மாற்று விகிதம் சரிந்து 65,000-க்குச் சற்றே குறைந்தாலும் சங்கிலி அறுந்துபோகும். ஆகையால், சக்தியுள்ளவர்கள் வைப்பு வழியையே மேற்கொள்வது நலம் என்பது என் அபிப்பிராயம். பணம் முடங்கிக் கிடக்கும் நஷ்டத்தை மன நிம்மதிக்குக் கொடுக்கும் விலையாகக் கருதிக்கொள்ளலாம். கணக்கு விண்ணப்பதாரரின் தனிப்பெயரிலேயே இருக்கட்டும். கணவன் மனைவி கூட்டுக் கணக்கு வீண் விவகாரத்திற்கு இடங்கொடுக்கும்.

விசாவிலும் இரு வகை உண்டு. 'ஓ-ஏ' என்பது சொந்த நாட்டிலிருந்தே பெறுவது. அதற்குப் பணம் உள்நாட்டுப் பாங்கியிலேயே இருக்கலாம், ஆனால் 2019 முதல் மருத்துவக் காப்பீடு கட்டாயம். 'ஓ' என்பது 90 நாள் தங்குவதற்கு மட்டும் தரப்பட்டு, அங்கே போனபின் ஓராண்டுக்கு நீட்டித்துக்கொள்ளப்படுவது. முதுமையில் காப்பீடு கிடைப்பதே துர்லபமாதலால் பலரும் நாடுகிற இந்த இரண்டாவது வகையையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் 2 மாதம் பணம் கணக்கில் கிடந்திருக்க வேண்டும்; விண்ணப்பமோ 90 நாள் முடிவதற்குள் சேர வேண்டும். தொண்ணூற்றில் அறுபது போக மிஞ்சுவது முப்பதே நாள். அந்த ஒரு மாதத்திற்குள் வீடு பார்த்து, கணக்குத் திறந்து, தாயகத்திலிருந்து முழுத்தொகையையும் வரவழைத்துவிட வேண்டும். கணக்குத் திறக்க ஒரு கிளை மறுத்தால் மனம் தளராமல் வேறு கிளைக்குப் போவதே உபாயம்; ஒரே பாங்கியின் இரு கிளைகள் இருவிதமாக நடந்துகொள்வது அங்கே சகஜம்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவோர் புறப்படுமுன்பே தங்கள் பாங்கியில் பூர்வாங்க ஏற்பாடுகளைச் செய்து வைப்பது அவசியம். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். எட்டு லட்சம் பாட் அந்த வரம்பின் சிறு பகுதியே. கவனிக்க வேண்டியது வரி. நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் பகுதிக்கு 20 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கப்படும். வருமானவரிக் கணக்கில் அது ஈடுசெய்யப்படுமென்றாலும், இடைக்காலத்தில் கைப்பணம் குறையும். பிரயாண தேதி ஒத்துவந்தால் மார்ச் இறுதியில் ஒரு பகுதியும் ஏப்ரல் தொடக்கத்தில் மறுபகுதியுமாக அனுப்பி இதைக் குறைக்கலாம். இடையிலுள்ள பாங்கிகள் கட்டணம் பிடித்துக்கொள்ளுமாதலால், சரியாக எட்டு லட்சம் அனுப்பாமல் சற்றுக் கூடுதலாக அனுப்புக. தொகை வெளிநாட்டிலிருந்து வந்ததற்கான வரவுச் சீட்டைப் பாங்கியில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவதும் முக்கியம்.

விண்ணப்ப நாளன்று காலையில் பாங்கிக்குப் போய், சிறு தொகை ஒன்றைக் கணக்கில் செலுத்தி, பாஸ் புத்தகத்தில் அன்றைய தேதியில் வரவு பதியும்படி செய்துகொண்டு, இருப்புச் சான்றுக் கடிதமும் பெற்று, 'டி.எம். 7' படிவத்துடனும் 1,900 பாட் கட்டணத்துடனும் அலுவலகத்தை அடைக. பணம் எடுத்துப் பதிவு செய்யலாகாது. இருப்பு எட்டு லட்சத்திற்கு ஒரு பாட் குறைந்தாலும் விபரீதம். அலுவலகத்திற்கு அலுவலகம் கேட்கும் காகிதங்கள் மாறுமாதலால், சில தினங்களுக்கு முன்பே நேரில் சென்று பட்டியலை விசாரித்துக்கொள்வது உத்தமம்.

அனுமதி கிடைத்ததும் பணத்தை எடுத்துச் செலவழிக்கலாமென்று எண்ணுவது பலருக்கு ஏற்படும் சபலம். 2019-இல் வந்த விதிப்படி, அதன்பின் 3 மாதம் எட்டு லட்சமும் அப்படியே இருக்க வேண்டும். பிறகும் இருப்பு 4 லட்சத்திற்குக் கீழே இறங்கலாகாது. ஜூன் 15-இல் விண்ணப்பித்தவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருடைய பணம் ஏப்ரல் 15-க்குள் வந்து, செப்டம்பர் 15 வரை அசையாமல் இருந்து, பின்பு பாதி வரை பயன்பட்டு, அடுத்த ஏப்ரல் நடுவுக்குள் மீண்டும் எட்டு லட்சமாக நிறைந்துவிட வேண்டும். இந்தக் கணிதத்தை ஆண்டுதோறும் நினைவில் வைப்பதைக் காட்டிலும், வைப்புக்கென ஒரு கணக்கும் வீட்டுச் செலவுக்கென வேறொரு கணக்குமாகப் பிரித்து, முன்னதைக் கோயில் உண்டியலைப் போல் தொடாமல் விட்டுவிடுவது சிரமமில்லாத வழி. தாய்லாந்தின் வைப்புப் பாதுகாப்பு ஒரு பாங்கியில் ஒருவருக்கு 10 லட்சம் பாட் வரை இருப்பதால், அத்தொகை பத்திரமாகவும் இருக்கும்.

பணமில்லாதவர்களுக்குச் சில நாள் கடனாகத் தொகையைக் கணக்கில் போட்டுக் காட்டி அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களும் உண்டு. பொய் ஆதாரம் காட்டிப் பெற்ற அனுமதி ரத்தாகி நாட்டைவிட்டு வெளியேற்றப்படுவது தரகரல்ல, விண்ணப்பித்தவரே.

இனி எஞ்சியவை சில்லறை விஷயங்கள். 90 நாளுக்கொருமுறை விலாசம் தெரிவிக்கும் அறிக்கைக்குக் கட்டணமில்லை. இடையில் தாயகம் வந்துபோக வேண்டியிருந்தால், கிளம்புமுன் மறுநுழைவு அனுமதியைப் பெறாவிட்டால் ஓராண்டு நீட்டிப்பே அழிந்துபோகும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். பேரன் பேத்திகளைப் பார்க்க அடிக்கடி வருகிறவர்கள் இரண்டாவதை நீட்டிப்புப் பெற்ற அன்றே அதே அலுவலகத்தில் வாங்கிவிடலாம்.